செவ்வாய் மண்ணும் கில்பர்ட் லெவினும்: முடிவு எட்டாத ஒரு சோதனை

செவ்வாய்க் கோளில் உயிர் உண்டா என்ற வினாவுக்கு அக்கோளின் மண்ணிலேயே நேரடிச் சோதனை நடத்தி விடை காண முயன்றது, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1975இல் அனுப்பிய வைக்கிங் 1, வைக்கிங் 2 என்னும் இரு கலங்கள் மட்டுமே. 1976இல் தரையிறங்கிய அவை ஒவ்வொன்றிலும் மூன்று உயிரியல் சோதனைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, உயிர் இருப்பதற்கான அறிகுறி என்று புறப்படுவதற்கு முன்பே வகுத்துக்கொண்ட அளவுகோலை இரண்டு இடங்களிலும் நிறைவு செய்தது. ஆயினும் உயிர் கண்டறியப்படவில்லை என்பதே அறிவியல் உலகின் பொதுத் தீர்ப்பாயிற்று. அந்தச் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், 2021இல் தம் 97ஆம் அகவையில் மறையும்வரை அத்தீர்ப்பை ஏற்கவில்லை. அவர் கூறியது சரியா தவறா என்பதோடு நின்றுவிடும் வழக்கன்று இது. காண முடியாத ஓர் உயிரை ‘இருக்கிறது’ என்று சொல்ல எத்தகைய சான்று போதும், அந்தச் சான்றை யார், எப்போது வரையறுப்பது என்பனவும் இதில் அடங்கியுள்ளமையால், லெவினின் வாழ்க்கையையும் அந்தச் சோதனையின் வரலாற்றையும் ஒருசேர வைத்து ஆராய்வது பயன்தரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் லோவெல் போன்றோர் செவ்வாயின் மேற்பரப்பில் கால்வாய்களைக் கண்டதாக நம்பி அங்கு அறிவுள்ள உயிர்கள் வாழ்வதாக எழுதினர். 1965 ஜூலையில் மரைனர் 4 என்னும் கலம் அனுப்பிய படங்கள் எரிகல் குழிகள் நிறைந்த வறண்ட நிலத்தைக் காட்டியபோது அந்த நம்பிக்கை சரிந்தது. காற்றழுத்தம் புவியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வளிமண்டலத்தில் பெரும்பகுதி கார்பன் டைஆக்சைடு. ஓசோன் படலம் இன்மையால் கதிரவனின் புறஊதாக் கதிர்கள் தடையின்றித் தரையைத் தாக்குகின்றன. நிலைமை இதுவாக இருந்தபோதிலும், மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் ஒடுங்கி வாழக்கூடும் என்ற எதிர்பார்ப்பு எஞ்சியிருந்தது. புவிக்கு அப்பாலுள்ள உயிரைப் பற்றிய ஆய்வை ஒரு தனித் துறையாக வளர்த்த மரபியல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் அதற்கு வலுவூட்டினார். ஜேம்ஸ் லவ்லாக்கோ இறங்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்றார்: உயிர் உள்ள கோளின் காற்றில், ஒன்றோடொன்று வினைபுரிந்து அழிந்திருக்க வேண்டிய வாயுக்கள் உயிர்களால் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டு ஒருசேரக் காணப்படும்; செவ்வாயின் காற்று அவ்வாறன்றி வேதிச் சமநிலையை நெருங்கி அடங்கிக் கிடக்கிறது என்பது அவர் வாதம். இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்ற முடிவே வென்றது.

அந்த முடிவைச் செயலாக்கியவர்களுள் லெவினின் பின்னணி வேறுபட்டது. 1924இல் பால்டிமோரில் பிறந்த அவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் சுகாதாரப் பொறியியலும் பயின்று, பொதுச் சுகாதாரப் பொறியாளராக மேரிலாண்டு, கலிபோர்னியா, வாஷிங்டன் ஆகிய இடங்களில் பணியாற்றினார். குடிநீரும் கழிவுநீரும்தான் அவருடைய களம். குடிநீரில் மலக்கழிவு கலந்துள்ளதா என்று அறிய அக்காலத்தில் கையாளப்பட்ட முறை எளிது, ஆனால் மெதுவானது. லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை கலந்த கரைசலில் நீர் மாதிரியைச் சேர்த்து, அதற்குள் ஒரு சிறு கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். குடலில் வாழும் கோலிபார்ம் நுண்ணுயிர்கள் இருந்தால் அவை சர்க்கரையை உண்டு வாயுவை வெளியிட, அந்த வாயு கவிழ்த்த குழாயின் உச்சியில் குமிழாகத் திரளும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குமிழ் சேர ஒரு நாளோ இரண்டு நாட்களோ ஆகும். உறுதிப்படுத்த மேலும் சில நாட்கள் தேவை. அதற்குள் ஊரே அந்த நீரைக் குடித்து முடித்திருக்கும். குமிழ் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பானேன் என்று சிந்தித்த லெவின், உணவிலுள்ள கார்பன் அணுக்களுக்குப் பதிலாகக் கதிரியக்கத் தன்மையுள்ள கார்பன்-14 அணுக்களை வைத்தார். நுண்ணுயிர் அந்த உணவைச் செரித்து விடும் வாயுவிலும் கதிரியக்கம் இருக்குமாதலால், கதிரியக்கத்தை எண்ணும் கருவி மிகச் சிறிதளவு வாயுவையும் சில மணி நேரத்தில் உணர்த்திவிடும்.

நாசாவின் தொடக்க நாட்களில் அதன் முதல் நிர்வாகியான டி. கீத் கிளென்னனை ஒரு விருந்தில் சந்தித்த லெவின், செவ்வாயில் உயிரைத் தேடும் திட்டம் உண்டா என்று கேட்டதிலிருந்து, குழாய் நீருக்கான இந்த முறை வேற்றுக் கோளுக்குப் பயணப்படத் தொடங்கியது. முதல் வடிவத்துக்கு ‘கல்லிவர்’ என்று பெயர். பசை தடவிய நீண்ட சரடுகளைத் தரையில் எறிந்து, ஒட்டிய மண்ணோடு சுருட்டி உள்ளிழுத்து, ஊட்டக் கரைசலில் நனைப்பது அதன் செயல்முறை. முப்பது அகவை கடந்து, பணியில் இருந்துகொண்டே, 1963இல் அவர் முனைவர் பட்டமும் பெற்றார். 1970இல் உயிர்வேதியியலாளர் பட்ரீசியா ஸ்ட்ராட் அவருடன் இணைந்தார். வைக்கிங்கில் பறந்த கருவி, லெவின் பெயரால் அறியப்பட்டாலும், ஆண்டுக்கணக்கில் அதன் ஆய்வக நுட்பங்களைச் சீர்செய்து கலம் ஏறத் தகுதியாக்கியதில் ஸ்ட்ராட்டின் பங்கு மிகப் பெரிது. வரலாற்று நூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் ஓர் இணைப்புக் குறிப்பாகவே நின்றுவிடுவது நியாயமன்று.

இந்தத் திட்டம் பலரின் உழைப்பையும், ஒருவரின் உயிரையும் கொண்டது. நுண்ணுயிரியலாளர் வுல்ஃப் விஷ்னியாக் உருவாக்கிய நான்காவது சோதனை, செலவும் எடையும் மிகுந்ததால் 1972இல் நீக்கப்பட்டது. தம் கருவி இடம்பெறாத நிலையிலும் செவ்வாயை ஒத்த நிலத்தில் உயிர் தாங்குமா என்று ஆராய அண்டார்க்டிகா சென்ற அவர், 1973 டிசம்பரில் அங்குள்ள மலைச்சரிவில் விழுந்து இறந்தார். எஞ்சிய மூன்று சோதனைகளும் ஏறத்தாழ ஒரு கன அடி அளவுள்ள பெட்டிக்குள் அடக்கப்பட்டன. புவியின் நுண்ணுயிர்கள் உடன் சென்று பொய்யான விடை தந்துவிடக்கூடாது என்பதற்காக, தரையிறங்கு கலம் முழுவதும் ஏவுமுன் உயர் வெப்பத்தில் பல மணி நேரம் வைக்கப்பட்டு நுண்ணுயிர் நீக்கப்பட்டது.

லெவினின் சோதனை ‘அடையாளமிட்ட வெளியீடு’ எனப்பட்டது. கதிரியக்கக் கார்பன் என்னும் அடையாளத்தைச் சுமந்த உணவைக் கொடுத்து, அது வாயுவாக வெளிவருகிறதா என்று பார்ப்பது என்பதே இதன் பொருள். கலத்தின் இயந்திரக் கை அள்ளித் தந்த மண்ணில் அரைக் கன சென்டிமீட்டர் மட்டும் ஒரு சிறு கலனுக்குள் இடப்படும். அதன் மீது ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கான ஊட்டக் கரைசல் ஒரு துளியாக விழும். மண் முழுவதையும் நனைக்காமல் நடுவில் ஈரமும் ஓரத்தில் வறட்சியுமாக வைத்தது திட்டமிட்ட செயல். நீர் அரிதான உலகில் வாழும் உயிர் வெள்ளத்தில் மூழ்கி மடியக்கூடும் என்ற முன்யோசனை அதில் இருந்தது. கரைசலில் ஃபார்மிக் அமிலம், கிளைக்காலிக் அமிலம், லாக்டிக் அமிலம், கிளைசீன், அலனைன் ஆகிய எளிய சேர்மங்கள் இருந்தன. இவற்றுள் லாக்டிக் அமிலமும் அலனைனும் இரு வடிவங்களில் சேர்க்கப்பட்டன. ஒரே வகைச் சங்கில் இடம்புரியும் வலம்புரியும் இருப்பதுபோல், ஒரே அணுக்களால் ஆன மூலக்கூறும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் அமையலாம். புவியின் உயிர்கள் அமினோ அமிலங்களில் பெரும்பாலும் இடப்பக்க வடிவத்தையே பயன்படுத்துகின்றன. செவ்வாயின் உயிர் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாதாகையால் இரண்டுமே வழங்கப்பட்டன. வாயு வெளிவந்தால் அதே மண்ணின் மற்றொரு பகுதியை 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சூடாக்கி மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போது வாயு வராவிட்டால், வெப்பத்தில் மடியக்கூடிய ஏதோ ஒன்று முதல் மண்ணில் இருந்தது என்று பொருள். சூடாக்காத மண்ணில் வாயு, சூடாக்கிய மண்ணில் வெறுமை என்னும் இந்த இணை விடையே உயிருக்கான அளவுகோல் என்பது அனைவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

1976 ஜூலை 20இல் கிரைஸி சமவெளியில் வைக்கிங் 1 இறங்கியது. ஜூலை 30இல் முதல் துளி விழுந்தவுடன் கதிரியக்க எண்ணிக்கை விரைந்து ஏறி, சில நாட்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 என்ற நிலையில் சமன்பட்டது. சூடாக்கிய மண்ணில் அந்த ஏற்றம் இல்லை. செப்டம்பர் 3இல் 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் யுட்டோப்பியா சமவெளியில் இறங்கிய வைக்கிங் 2 அதே விடையைத் தந்தது. அங்கு மேலும் நுட்பமான சோதனைகள் நடந்தன. மண்ணை 160 டிகிரிக்குப் பதிலாக 50 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வைத்தபோதே வினை பெரும்பாலும் அடங்கிவிட்டது. கலத்துக்குள் இருட்டில் மாதக்கணக்கில் இருந்த மண் தன் வினையாற்றலை இழந்தது. புறஊதாக் கதிர் பட்டதால் மண்ணில் உருவான வேதிப்பொருள்தான் இந்த வாயுவுக்குக் காரணம் என்ற ஐயத்தைத் தீர்க்க, இயந்திரக் கையால் ஒரு பாறை தள்ளப்பட்டு, அதன் அடியில் நெடுங்காலம் வெயில் படாதிருந்த மண் எடுக்கப்பட்டது. அந்த மண்ணும் வாயுவை வெளியிட்டது.

இவ்வளவும் ஒரு பக்கம். மற்ற கருவிகளின் சாட்சியம் எதிர்ப்பக்கம் நின்றது. வான்ஸ் ஒயாமாவின் வாயுப் பரிமாற்றச் சோதனையில், மண் ஈரக்காற்றைத் தொட்ட மாத்திரத்தில் ஆக்சிஜன் வெளிப்பட்டது. மண்ணைச் சூடாக்கிய பின்னும் அது நிற்கவில்லை. உயிரின் வேலை இவ்வாறு இராது. தீவிர ஆக்சிஜனேற்றிகள், அதாவது பிற பொருள்களை எரித்ததுபோல் சிதைக்கும் சேர்மங்கள், மண்ணில் இருப்பதையே அது காட்டியது. மூன்றாவதான நார்மன் ஹொரோவிட்ஸின் சோதனை தந்த சிறு அறிகுறியை அவரே உயிர் என்று ஏற்க மறுத்தார். தீர்ப்பை முடிவு செய்தது, உயிரியல் பெட்டிக்கு வெளியே இருந்த ஒரு கருவி. மண்ணை 500 டிகிரிவரை சூடாக்கி, எழும் ஆவியைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறின் நிறையையும் அளக்கும் அந்தக் கருவிக்குப் பொறுப்பேற்றிருந்தவர் கிளாஸ் பீமன். உயிருக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் எவையும் மண்ணில் தென்படவில்லை என்று அவர் அறிவித்தார். தென்பட்ட சிறிதளவு குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும், புவியில் கருவியைத் தூய்மைப்படுத்திய கரைப்பான்களின் எச்சம் எனத் தள்ளப்பட்டன. உடலே இல்லாத இடத்தில் உயிர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்தபின் லெவினின் விடைக்கு மதிப்புக் குறைந்தது.

வேதியியல் விளக்கத்தை ஆய்வகத்தில் சோதித்தவர்களுள் இலங்கையின் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னர் வேதியியலுக்கு வந்து உயிரின் தோற்றத்தை ஆராய்ந்த சிரில் பொன்னம்பெருமா குறிப்பிடத்தக்கவர். மேரிலாண்டு பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் குழுவினரும் செவ்வாயின் மேற்பரப்பில் நிகழக்கூடிய வேதிவினைகளை ஆராய்ந்து, உயிர் இன்றியே வைக்கிங்கின் விடைகளைப் போன்றவற்றைப் பெற இயலும் என்று 1977இல் வெளியிட்டனர். லெவினுக்கு எதிரான வாதங்களில் மிக வலுவானவை அவருடைய தரவிலேயே இருந்தன. வெளிவந்த வாயுவின் அளவு, கரைசலிலிருந்த பல உணவுகளுள் ஒன்று மட்டும் முழுவதும் சிதைந்தால் எவ்வளவு வருமோ அதற்கு நெருக்கமாக இருந்தது. ஃபார்மிக் அமிலத்தை ஓர் ஆக்சிஜனேற்றி சிதைத்திருந்தால் இத்தகைய கணக்குத்தான் வரும். இரண்டாவது துளியை விட்டபோது புதிய வாயு பெருகுவதற்குப் பதிலாக, இருந்த வாயுவில் ஒரு பகுதி மண்ணுக்குள் உறிஞ்சப்பட்டு எண்ணிக்கை இறங்கியது. உண்டு பெருகும் உயிர் இரண்டாம் உணவைக் கண்டதும் மேலும் வாயுவை விட்டிருக்க வேண்டும். அதற்குள் அவை மடிந்திருக்கலாம் என்று லெவின் தந்த விளக்கம் முடியாததன்று; ஆனால் அது சான்றுக்குப் பின் வந்த சமாதானம்.

அதே குறை எதிர்த்தரப்பிலும் உண்டு என்பதை நடுநிலையோடு சொல்லியாக வேண்டும். முன்கூட்டி ஒப்புக்கொண்ட அளவுகோல் நிறைவேறியபின், அந்த அளவுகோல் போதாது என்று சொல்லப்பட்டது. 50 டிகிரியில் ஒடுங்கி, 160 டிகிரியில் முற்றும் அழிந்து, இருட்டில் நாளடைவில் மங்கும் வேதிப்பொருள் எது என்று அன்று யாராலும் திட்டவட்டமாகக் காட்ட இயலவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு முதலான பல பொருள்கள் முன்மொழியப்பட்டன. எதுவும் எல்லா விவரங்களோடும் பொருந்தவில்லை. அறிவியலில் அளவுகோலைத் திருத்துவது குற்றமன்று, அறியாத மண்ணில் அது தவிர்க்க முடியாததும்கூட. ஆனால் திருத்திய அளவுகோலைக் கொண்டு மறுபடியும் சோதிப்பது அதன் மறுபாதி. அந்த மறுபாதி நிகழவே இல்லை என்பதுதான் இந்த வரலாற்றின் பெருங்குறை.

லெவின் தம் வாழ்நாளை இந்த ஒரே வழக்கை வாதாடுவதில் மட்டும் கழித்தவரல்லர். கழிவுநீரில் ஆக்சிஜன் மிகுந்த நிலையில் நுண்ணுயிர்கள் தம் தேவைக்கு மேல் பாஸ்பரஸை உறிஞ்சுவதையும், ஆக்சிஜன் இல்லாதபோது அதை விட்டுவிடுவதையும் ஜோசப் ஷாபிரோவுடன் 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஏரிகளில் பாசி படரக் காரணமான பாஸ்பரஸை நுண்ணுயிர்களைக் கொண்டே நீக்கும் முறைக்கு வழியமைத்தது. 1967இல் தாம் நிறுவிய பயோஸ்ஃபெரிக்ஸ் நிறுவனத்தில், செவ்வாய்க்காகச் சிந்தித்த இடம்புரி-வலம்புரி மூலக்கூறுகளிலிருந்தே, உடல் செரிக்காத இனிப்பு ஒன்றைத் தேடும் எண்ணம் அவருக்கு வந்தது. இடப்பக்கச் சர்க்கரை செலவு மிக்கதாக இருந்தமையால், பாற்சர்க்கரையிலிருந்து பெறக்கூடிய டேகடோஸ் என்னும் குறைந்த கலோரி இனிப்பில் அத்தேடல் முடிந்தது. குடிநீர், கழிவுநீர், செவ்வாய் மண், சர்க்கரை ஆகிய நான்கிலும் நுண்ணுயிர் எதை உண்ணும், எதை விடும் என்ற ஒரே கேள்வி தொடர்வதைக் காணும்போது, அவர் பிடிவாதக்காரர் என்ற எளிய முத்திரை அவருக்குப் பொருந்தாது என்பது விளங்கும்.

செவ்வாய் பற்றிய அவர் நிலைப்பாடும் ஒரே நாளில் இறுகவில்லை. தொடக்கத்தில், விடை உயிரோடு ஒத்துப்போகிறது என்ற அளவிலேயே நின்றார்; 1986இல் வைக்கிங்கின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, உயிர் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்றார்; 1997இல் உயிர் கண்டறியப்பட்டது என்றே அறிவித்தார். ஜோசப் மில்லர் என்னும் நரம்பியலாளர் பழைய தரவுகளில் நாளொழுங்கை, அதாவது உயிர்கள் காட்டும் பகல்-இரவுச் சுழற்சியை ஒத்த ஏற்ற இறக்கத்தைக் கண்டதாகக் கூறியது லெவினுக்கு வலுச் சேர்த்தது. ஆனால் வெப்பநிலையும் நாள்தோறும் ஏறி இறங்கும் கலனில், வாயு மண்ணில் கரைந்து மீள்வதாலும் அத்தகைய அலை தோன்றும் என்பதால், அதனை முடிவான சான்றாகக் கொள்ள இயலாது.

வழக்கின் போக்கை மாற்றியது 2008ஆம் ஆண்டு. அவ்வாண்டு செவ்வாயின் வடமுனைப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம், மண்ணில் பெர்குளோரேட் என்னும் குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பைக் கண்டறிந்தது. குளிரில் அடங்கிக் கிடக்கும் இந்த உப்பு, சூடாக்கினால் தீவிர ஆக்சிஜனேற்றியாகி உடனிருக்கும் கரிமப் பொருள்களைச் சிதைத்துவிடும். ரஃபேல் நவாரோ-கொன்சாலஸ் குழுவினர் சிலி நாட்டின் அட்டகாமா பாலை மண்ணில் மக்னீசியம் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கியபோது குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் வெளிவந்தன. 1976இல் கரைப்பான் எச்சம் என்று தள்ளப்பட்டவை அவையே. பீமன் இந்த மறுவிளக்கத்தை ஏற்கவில்லை. எனினும் உடலே இல்லை என்ற பழைய வாதத்தின் அடித்தளம் ஆட்டங்கண்டது. பின்னர் 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தின் பழைய களிமண் பாறைகளில் குளோரோபென்சீன் உள்ளிட்ட கரிமச் சேர்மங்களை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

லெவின் தரப்புக்கு இது முழு வெற்றியன்று. 2013இல் ரிச்சர்டு குவின் முதலியோர் பெர்குளோரேட் மீது காமாக் கதிர்களைப் பாய்ச்சியபோது, விண்கதிர்கள் செவ்வாய் மண்ணில் செய்யக்கூடியதைப் போலவே, ஹைப்போகுளோரைட் முதலிய வினைத்திறன் மிக்க பொருள்கள் உருவாயின. அவை ஊட்டக் கரைசலின் அலனைனோடு வினைபுரிந்து கதிரியக்கக் கார்பன் டைஆக்சைடை வெளியிட்டன. வாயுவுக்கு உயிர் தேவையில்லை என்பதற்கு இதுவரை கிடைத்துள்ள விளக்கங்களில் இதுவே மிகச் செறிவானது. கதிர்கள் பாறைக்கு அடியிலும் ஊடுருவுமாதலால், பாறையைத் தள்ளி எடுத்த மண்ணின் விடையும் இதனால் விளங்கிவிடுகிறது. ஒரே உப்பு ஒரு கையால் பீமனின் வாதத்தைத் தளர்த்தி, மறு கையால் லெவினின் வாதத்தையும் தளர்த்தியது. இன்றைய நிலையில், வைக்கிங் கண்டது பெரும்பாலும் வேதிவினையே என்று கொள்வதுதான் சான்றுகளுக்கு இசைந்த முடிவு. உயிர் இல்லை என்று அது நிறுவிவிட்டதாகக் கூறுவது சான்றுகளை மிஞ்சிய கூற்று.

வைக்கிங்குக்குப் பின் நாசா உயிரின் செயலைத் தேடுவதை விட்டு, நீர் இருந்த தடங்களையும், உயிர் வாழத்தகுந்த பழங்காலச் சூழலையும், அதன்பின் உயிர்ச்சுவடுகளையும் படிப்படியாகத் தேடும் வழிக்கு மாறியது. அது பலன் தராமலில்லை. 2021இல் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி, 2024இல் சிறுத்தையின் உடற்புள்ளிகளை ஒத்த வளையங்கள் உள்ள ஒரு பாறையைக் கண்டது. அவ்வளையங்களில் இரும்பும் பாஸ்பரஸும் கந்தகமும் கொண்ட கனிமங்கள் இருப்பதாகவும், அவை நுண்ணுயிர்ச் செயலால் உருவாகியிருக்கக்கூடும் என்றும் 2025இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அதிலிருந்து துளைத்தெடுத்த மாதிரி புவிக்கு வந்தாலன்றி உறுதி சொல்ல இயலாது என்பதையும் அவர்களே கூறினர். ஆனால் இவை பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிரைப் பற்றிய கேள்விகள். இன்று செவ்வாய் மண்ணில் ஏதேனும் உண்டு மூச்சுவிடுகிறதா என்ற கேள்வி 1976இல் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

அதற்கு விடை காணும் வழியையும் லெவினே முன்மொழிந்திருந்தார். இடப்பக்க, வலப்பக்க மூலக்கூறுகளைத் தனித்தனிக் கலன்களில் இட்டுப் பார்ப்பது என்பதே அது. வேதிப்பொருள் இரண்டையும் வேறுபாடின்றிச் சிதைக்கும். உயிர் ஒன்றைத் தேர்ந்து உண்ணும். 1976இல் இரண்டும் ஒரே கரைசலில் கலந்திருந்தமையால் பிரித்தறிய முடியாமற்போன இந்த வேறுபாட்டை, சிறிய கருவி ஒன்றைக் கொண்டே இன்று பிரித்தறியலாம். அவர் பலமுறை கேட்டும் அக்கருவிக்கு எந்தக் கலத்திலும் இடம் கிடைக்கவில்லை. செவ்வாயில் மனிதரை இறக்கும் திட்டங்கள் தீட்டப்பட்டுவரும் இக்காலத்தில் இதற்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. மனித உடல் சுமந்து செல்லும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்த மண்ணில் கலந்துவிட்டால், அதன் பிறகு கிடைக்கும் எந்த விடையையும் செவ்வாயின் விடை என்று நம்ப முடியாது. ஆகவே முதல் மனிதர் கால் வைப்பதற்கு முன்பாக, நுண்ணுயிர் நீக்கிய ஒரு கலத்தில் இச்சோதனையை மீண்டும் அனுப்ப வேண்டும்.